பயிருக்கு அடித்தது யார் மேல் பட்டது?

தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழையும் காய்கறி வண்டியிலிருந்து ஒரு கிலோ பயற்றங்காயை எடுத்துச் சோதிக்கக் கேரளத்தில் ஏற்பாடு இருக்கிறது. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே, வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வகம் இயங்குகிறது. காயை அரைத்து, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைச் சேர்த்து, உப்பிட்டுக் குலுக்கிச் சுழற்றினால் காய்க்குள் இருந்த மருந்து கரைப்பானுக்கு வந்துவிடும். 2003-ல் வெளியான இந்த முறை, அதற்கு முன் வெகுநேரம் பிடித்த வேலையை வெகுவாகச் சுருக்கிவிட்டது. பிறகு அந்தச் சாற்றை நிறமாலைக் கருவிக்குள் செலுத்தினால், ஒரு கிலோ காயில் ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு இருந்தாலும் பிடிபடும். எந்தக் காயில் எச்சம் இருந்தது, எதில் இல்லை என்று அந்த ஆய்வகத்தின் முடிவுகள் தொடர்ந்து வெளியாகின்றன. காய்கறி கழுவுவதற்கென்று ஒரு திரவத்தையும் அங்கேயே உருவாக்கினார்கள்.

நல்ல வேலை. மதிக்க வேண்டிய வேலை. ஆனால் அந்தப் பயறு விளைந்த பந்தலுக்குப் பத்தடி தள்ளிக் குடியிருக்கும் பெண்ணின் உடம்பில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு அப்படி ஒரு வழக்கமான ஏற்பாடு இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

காயைச் சோதித்தால் ஆளைச் சோதித்த மாதிரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. காய்க்கு வைத்திருக்கும் 'அதிகபட்ச எச்ச வரம்பு' எப்படி உருவாகிறது என்று பார்த்தால் புரியும். மருந்துப் புட்டியில் சொன்ன அளவில், சொன்ன தடவை அடித்து, சொன்ன நாள் காத்திருந்து பறித்தால் காயில் எவ்வளவு மிஞ்சும் என்று சோதனை வயலில் அளக்கிறார்கள். அந்த அளவைத் தினமும் உண்பவருக்குத் தீங்கு வராதா என்று கணக்குப் போட்டுப் பார்த்து வரம்பை வைக்கிறார்கள். ஆகவே வரம்புக்குள் இருக்கும் காய், விவசாயி முறைப்படி நடந்தார் என்பதையும் சாப்பிடுபவருக்குப் பயமில்லை என்பதையும் சொல்லும். முதுகில் பம்பைச் சுமந்து அதை அடித்தவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அவர் சட்டையைத் துவைத்தவரைப் பற்றியும், பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பற்றியும் சொல்லாது.

2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் நஞ்சு அதிகம் என்று கேரளத்தின் உணவுப் பாதுகாப்புத் துறை சொல்ல, தமிழ்நாடு மறுக்க, இரண்டு மாநிலச் செய்தித்தாள்களிலும் பல வாரம் அதே பேச்சாக இருந்தது. அந்த வாதம் முழுக்கக் காயைப் பற்றியது. விளைவித்தவர்கள் இருபுறமும் இருந்தார்கள். அவர்கள் உடம்பு பேச்சில் வரவே இல்லை.

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1958-ல் கப்பலில் வந்த கோதுமை மாவோடு பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்துவிட்டது. அதை உண்டு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பின்தான் 1968-ல் நாட்டுக்குப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. உணவில் நஞ்சு கலந்த அதிர்ச்சியில் பிறந்த சட்டம் அது. பதிவு, உரிமம், லேபிள், விற்பனை என்று அதன் கண் கடையிலும் குடோனிலும் நிற்கிறது. 1971-ல் வந்த விதிகளில் மருந்தைக் கையாளும் வேலைக்காரர்களுக்கு மருத்துவச் சோதனையும், சில வகை மருந்துகளுக்கு ரத்தச் சோதனையும் செய்ய வேண்டும் என்று இருக்கத்தான் செய்கிறது. தினக்கூலிக்கு இன்று ஒரு தோட்டத்திலும் நாளை இன்னொரு தோட்டத்திலும் மருந்தடிக்கும் ஆளுக்கு அந்த விதியை யார் நிறைவேற்றுவது?

பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், குன்னத்துகால், வெள்ளறடை என்று நீளும் எல்லைக் கிராமங்களின் அமைப்பே இந்தக் கேள்வியைக் கனமாக்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது தாலுகாக்களுக்கு நடுவே. மண்ணும் பயிரும் பேச்சும் ஒன்றாகவே இருந்தன. விளை என்றால் இரண்டு பக்கமும் மேட்டுத் தோட்டம்தான், ஏலா என்றால் இரண்டு பக்கமும் பள்ளத்து வயல்தான். நெல் போன ஏலாக்களில் இன்று ஏத்தன் வாழையும் மரச்சீனியும் பயறும் பாகலும் புடலையும் நிற்கின்றன. தஞ்சாவூரைப் போல ஊர் ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம் என்று இங்கே இல்லை. வீடு, கிணறு, வாழை, அடுத்த வீடு, அதன் கிணறு, பயற்றுப் பந்தல் என்று எல்லாம் பின்னிக் கிடக்கும். இங்கே வயல் வேலைக்குப் போகாதவர்களும் வயலுக்குள்தான் வாழ்கிறார்கள்.

பயறு ஒரு தனிக் கதை. வள்ளிப்பயறு காய்க்கத் தொடங்கினால் ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். இல்லாவிட்டால் முற்றிப்போகும், விலை போகாது. மருந்தடித்தால் இத்தனை நாள் பறிக்காதே என்று புட்டியில் எழுதியிருக்கும். பறிக்காமல் இருக்கப் பயிர் விடாது. அசுவினியும் காய்த்துளைப்பானும் அடிக்காமல் இருக்க விடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டியவரைப் பேராசைக்காரர் என்று எழுதுவது எளிது, நியாயம் அல்ல. நேற்று மருந்து விழுந்த கொடியில் இன்று வெறும் கையோடு காய் பறிப்பவர், பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்.

வாழையில் கதை வேறு. தண்டுக்குள் துளைத்துப் போகும் கூன்வண்டுக்காகக் குளோர்பைரிபாஸ் அடிப்பார்கள். முடிக்கொத்து நோயைப் பரப்பும் அசுவினிக்காகக் கார்போபியூரான், போரேட் போன்ற குருணை மருந்தை இலைக் கவட்டில் போடும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. கையால் அள்ளிப் போடும் வேலை அது. இந்த இரண்டு வகை மருந்தும் ஒரே வழியில் போவதில்லை. கார்போபியூரான் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 300 மில்லிகிராம் கரையும், மழையோடு மண்ணுக்குள் இறங்கும். குளோர்பைரிபாஸ் ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராம்கூடக் கரையாது, மண் துகளைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆகவே முதலாவதைக் கிணற்றுத் தண்ணீரில் தேட வேண்டும், இரண்டாவதை ஓடைச் சேற்றிலும் வீட்டுத் தூசியிலும் தேட வேண்டும். தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று அறிக்கை எழுதினால் அது பாதி உண்மை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த பிறகே எங்கே தேடுவது என்பது தெரியும்.

காற்று மூன்றாவது வழி. தெளிப்பானிலிருந்து வரும் துளிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. நூறு மைக்ரான் பருமனுள்ள துளி, வாழைத் தலையின் உயரமான மூன்று மீட்டரிலிருந்து தரைக்கு வரப் பதினொரு விநாடி எடுக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினால் அது பதினொரு மீட்டர் தள்ளி விழும். பத்து மைக்ரான் துளி அதே உயரத்திலிருந்து இறங்கப் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அது ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். வெயிலில் துளியின் தண்ணீர் ஆவியாகிப் பெரிய துளிகளும் வழியிலேயே சிறிதாகிவிடும். வீடுகள் இவ்வளவு நெருங்கிய ஊரில் பதினொரு மீட்டர் என்றாலே பக்கத்து வீட்டு முற்றம்தான்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க மறந்ததால் என்ன ஆகும் என்பதற்கு அதே கேரளத்தின் வடக்கு முனையில் பதில் இருக்கிறது. காசர்கோடு மாவட்டத்தில் கேரளத் தோட்டக் கழகத்துக்கு 4,500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட முந்திரித் தோட்டங்கள் இருந்தன. தேயிலைக் கொசு என்ற பூச்சியை ஒழிக்க 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அங்கே ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். மரத் தலைக்குச் சில மீட்டர் உயரத்தில் பறந்துதான் தெளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. குன்றும் பள்ளமுமான அந்த நிலத்தில் அது நடக்கிற காரியமா? கிணறுகளையும் குளங்களையும் மூடிவைக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. குன்றுச் சரிவில் தோட்டமும் அடியில் ஊரும் ஓடையும் இருக்கும் இடத்தில் எதை வைத்து மூடுவது?

எண்மகஜே பஞ்சாயத்தின் பத்ரே கிராமத்தில் 1979-லேயே கன்றுகள் கோணல் கால்களோடு பிறப்பதைக் கவனித்து எழுதியவர் பத்திரிகையாளர் ஸ்ரீபத்ரே. அங்கே மருத்துவம் பார்த்த ஒய். எஸ். மோகன்குமார், ஒரே சிறு பகுதியில் வலிப்பும் மனவளர்ச்சிக் குறைவும் பிறவிக் கோளாறும் இவ்வளவு ஏன் என்று தன் நோயாளிகளின் விவரங்களை வைத்துக் கேட்டார். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998-ல் நீதிமன்றம் போனார். ஒரு செய்தியாளர், ஒரு மருத்துவர், ஒரு அரசு ஊழியர். தெளிப்பு தொடங்கும்போதே செய்திருக்க வேண்டிய அளவெடுப்பை இருபது வருடம் கழித்து இப்படித் தனியாட்கள் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அளக்கத் தொடங்கியதும் சண்டை வந்தது. 2001-ல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் தண்ணீர், மண், ரத்தம், தாய்ப்பால் உட்பட எல்லா மாதிரிகளிலும் எண்டோசல்பான் இருப்பதாகச் சொன்னது. தோட்டக் கழகம் ஏற்பாடு செய்த இன்னொரு ஆய்வு அதற்கு நேர்மாறாக வந்தது. ஊர்மக்களுக்கு யாரை நம்புவது? பிறகு அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் வந்தது. அவர்கள் செய்ததில் எளிமையான ஒரு நேர்மை இருந்தது. தெளிப்புக்கு உள்ளான கிராமத்தின் பள்ளி மாணவர்கள் 117 பேரை எடுத்தார்கள். தெளிப்பே இல்லாத வேறொரு ஊரிலிருந்து, அதே வயதும் அதே மாதிரி வாழ்க்கையும் உள்ள 90 பேரை எடுத்தார்கள். இரு தரப்பின் ரத்தத்தையும் சோதித்தார்கள். முதல் கூட்டத்தில் 78 சதவீதம் பேர் ரத்தத்தில் எண்டோசல்பான் இருந்தது, இரண்டாவதில் 29 சதவீதம் பேரிடம் இருந்தது. சராசரி அளவு நூறு கோடியில் 7.47 பங்கு, மற்றதில் 1.37 பங்கு. பையன்கள் பருவமடைவதும் தெளிப்புக்கு உள்ளான ஊரில் பிந்தியிருந்தது. 2003-ல் ஆய்விதழில் வெளிவந்த இந்த முடிவைத் தொழில்துறையினர் ஆட்சேபித்தார்கள். ஆனாலும் அது நின்றது.

இந்த எண்களில் எனக்கு முக்கியமாகப் படுவது 29 என்ற எண். தெளிப்பே நடக்காத ஊரிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் அது இருந்தது. ஒப்பிட ஓர் ஊர் இல்லாமல் போயிருந்தால், பாதிக்கப்பட்ட ஊரின் 78-ஐ வைத்து ஆளுக்கொரு அர்த்தம் சொல்லியிருப்பார்கள். ஒரு சமூகத்தின் மேல் எவ்வளவு நஞ்சு பட்டது என்பது தனி எண்ணாக நின்றால் பேசாது. பக்கத்தில் இன்னொரு எண் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ரத்தம் எடுத்தது ஹெலிகாப்டர் நின்று பல மாதங்கள் கழித்து. தெளிப்பு உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் கருவுற்றிருந்தபோது ரத்தத்தில் எவ்வளவு இருந்தது? அதை இனி எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் எண்டோசல்பானை உலக அளவில் ஒழிக்க முடிவெடுத்தன, மே 13-ல் உச்ச நீதிமன்றம் இந்தியாவில் தடை விதித்தது, 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வீதம் கொடுக்கச் சொன்னது. ஆனாலும் யார் பாதிக்கப்பட்டவர், யார் இல்லை என்ற பட்டியல் சண்டை ஓயவில்லை. பட்டது எவ்வளவு என்று அந்தந்தக் காலத்தில் எழுதிவைக்காத ஊரில், பட்டது என்று நிரூபிக்கும் சுமை படுத்த படுக்கையான பிள்ளையின் தாய் மேல் விழுகிறது.

ஆகவே நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை நோய் வந்த பிறகு தொடங்கக் கூடாது. இங்கே ஹெலிகாப்டர் கிடையாது. ஆயிரக்கணக்கான சின்னப் பம்புகள்தான். அது ஆறுதலாகத் தோன்றலாம், அளப்பவருக்கு அதுவே பெரிய சிக்கல். காசர்கோட்டில் தெளித்தது ஒரே நிறுவனம், ஒரே மருந்து. இங்கே அடிப்பவர் ஆயிரம் பேர், மருந்து பல வகை, ஒரே தொட்டியில் இரண்டு மூன்றைக் கலப்பதும் உண்டு.

முதலில் தேவை ஒரு பதிவு. எந்த விளையில் எந்த நாளில் எந்த மருந்து எவ்வளவு. கலிபோர்னியாவில் 1990 முதல் வேளாண்மைக்கு அடிக்கும் ஒவ்வொரு மருந்தும் அரசுக்கு அறிக்கையாகப் போக வேண்டும், இடத்தை ஒரு சதுர மைல் துல்லியத்தில் குறிக்க வேண்டும். அங்கே சலினாஸ் பள்ளத்தாக்கில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-லிருந்து விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைத் தொடர்ந்து வருகிறார்கள். கர்ப்பக் காலத்தில் தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் எச்சம் மிக அதிகமாக இருந்தவர்களின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்ததை அவர்கள் 2011-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்திலேயே அளந்து வைத்ததால் அப்படிச் சொல்ல முடிந்தது. அந்த மருந்து வகையில் ஒன்றுதான் நம் வாழைக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸ். 2025-ல் அதையும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் பதிவுக்குக் கடையின் விற்பனைப் புத்தகத்தைப் பார்க்கலாமே என்று தோன்றும். எல்லையில் அது ஏமாற்றும். கேரளம் 2011-ல் கார்போபியூரான், போரேட், மோனோகுரோட்டோபாஸ், பாராகுவாட் உள்ளிட்ட 14 மருந்துகளைத் தடுத்தது. அவற்றில் போரேட்டுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது 2020 டிசம்பர் 31-ல். நடுவே ஒன்பதரை ஆண்டு, பாறசாலையில் விற்கக் கூடாத குருணையைக் களியக்காவிளையில் விற்கலாம் என்பதுதான் சட்டத்தின் நிலை. பைக்கில் போனால் சில நிமிடத் தூரம். தமிழ்நாடு 2022 டிசம்பரில் தற்கொலைகளைக் காரணம் காட்டி மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உட்பட ஆறு மருந்துகளைத் தடுத்தபோது அந்தத் தடைக்கு ஆயுள் 60 நாள். ஒரு பக்கத்துத் தடை மறுபக்கத்தில் செல்லாத ஊரில் விற்பனைப் புத்தகம் அடித்த மருந்தைக் காட்டாது. வரப்பில் கிடக்கும் காலிப் புட்டி காட்டும். ஏலாக்களில் நடந்து, வாய்க்கால் ஓரத்திலும் பம்பு செட்டுக்குப் பின்னாலும் கிடக்கும் புட்டிகளையும் குருணைப் பைகளையும் பொறுக்கி, லேபிளைப் படித்து எழுதுவதிலிருந்து தொடங்கலாம். செலவில்லாத வேலை.

கேள்வி கேட்பதிலும் பக்குவம் வேண்டும். "தடை செஞ்ச மருந்து அடிக்கிறீங்களா?" என்று பேப்பரோடு வந்து நிற்பவருக்கு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த ஊரிலேயே இருக்கும் ஆஷா பணியாளர் திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணா, வாழைக்குக் கடைசியா அடிச்ச அன்னைக்குத் தலை சுத்துச்சா? சட்டையை யாரு துவைச்சா? பம்பை எங்க கழுவுனீங்க?" என்று கேட்டால் பதில் வரும். பம்பைக் கழுவிய இடம்தான் பெரும்பாலும் மாதிரி எடுக்க வேண்டிய முதல் இடம். மருந்தின் பெயர் மறந்தவர்களுக்கும் புட்டியில் இருந்த முக்கோணத்தின் நிறம் நினைவிருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. ஆனால் அந்த நிறம், எலிக்கு ஒரே முறை எவ்வளவு கொடுத்தால் சாகும் என்ற கணக்கில் வைத்தது. சிறிது சிறிதாகப் பத்து வருடம் பட்டால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. பச்சை முக்கோணத்தைப் பார்த்துப் பயமில்லாமல் கையை விட்டுக் கலக்குபவர்களிடம் இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

பிறகு உடம்பு. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் இரண்டு வகை மருந்தும் பூச்சியை எப்படிக் கொல்கின்றனவோ அதே வழியில்தான் மனிதனையும் தாக்குகின்றன. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளிவிடும். வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. மருந்து அந்த நொதியை முடக்கிவிட்டால் செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில் ஊறும், வேர்க்கும், கண்மணி சுருங்கும், வயிறு புரட்டும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். லேசாகப் பட்டால் வெயில் தாங்கவில்லை என்று மோர் குடித்துப் படுத்துவிடுவார்கள். அதனால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அது ஏறாது. 2019 ஜனவரியில் திருவல்லா அருகே பெரிங்கரையில் நெல்லுக்கு மருந்தடித்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தபோது அது செய்தி ஆனது. மோரோடு முடிந்த நாள்கள் எதுவும் செய்தி ஆவதில்லை.

அந்த நொதியை ரத்தத்தில் அளக்க முடியும். 1961-ல் எல்மன் கண்டுபிடித்த முறையில் நிறம் மாறும் வேகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வயலுக்கே எடுத்துப்போகும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் இந்த நொதி ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். ஒருவருக்குக் கால் பங்கு குறைந்த பிறகும் அவர் எண் 'இயல்பு' எல்லைக்குள்ளேயே நிற்கலாம். அதனால்தான் கலிபோர்னியாவில் 1970-களிலிருந்து மருந்து கையாளும் தொழிலாளிக்கு வேலை தொடங்கும் முன்பே ஒரு அளவு எடுத்து வைக்கிறார்கள். பிறகு அவருடைய சொந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை செய்யும் முறையை ஆராய வேண்டும். சிவப்பணு நொதி 70 சதவீதமாக இறங்கினால் அவரை மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும். அவருக்கு அவரே ஒப்பீடு. கார்பமேட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. அது நொதியைப் பிடித்த பிடியைச் சீக்கிரம் விட்டுவிடும். ரத்தக் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் நொதி பழைய நிலைக்குத் திரும்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி எண் வரும். பனிக்கட்டியில் வைக்க வேண்டும், தாமதிக்காமல் அளக்க வேண்டும்.

வயலில் இறங்காதவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, நொதி இவ்வளவு இறங்காது. அவர்களிடம் சிறுநீரைப் பார்க்க வேண்டும். குளோர்பைரிபாஸ் உடலில் சிதைந்து உருவாகும் பொருள் சிறுநீரில் வெளியேறும். அதன் அளவு பாதியாகக் குறைய ஒரு நாளுக்குச் சற்று மேல்தான் ஆகும். ஆகவே திங்கட்கிழமை அடித்த மருந்தைச் சனிக்கிழமை சிறுநீரில் தேடினால் பெரும்பகுதி போயிருக்கும். அடித்த நாள், அடுத்த நாள், அடிக்காத மாதம் என்று ஒரே பிள்ளையிடம் பல தடவை எடுக்க வேண்டும். பிள்ளைகளை முன்னால் வைப்பதற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. எடைக்கு எடை பார்த்தால் அவர்கள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், தரையில் புரண்டு கையை வாயில் வைக்கிறார்கள். இந்த மருந்துகளைச் சிதைக்கும் பாராக்சனேஸ் என்ற நொதி சிறு வயதில் குறைவாகவே இருக்கும். வெயிலும் மழையும் நுண்ணுயிரும் வயலில் சிதைக்கும் மருந்து, வீட்டுக்குள் வந்து கட்டிலடித் தூசியில் படிந்துவிட்டால் நீண்ட நாள் அப்படியே கிடக்கும். அந்தத் தூசியையும் ஒரு மாதிரியாக எடுத்துச் சோதிக்க வேண்டும்.

காலத்தை இங்கே பயிர்தான் முடிவு செய்யும். ஓணத்துக்கு ஏத்தன் குலை வெட்ட வேண்டுமானால் முந்தைய அக்டோபர் வாக்கில் கன்று வைப்பார்கள். ஐந்தாவது மாதத்திலிருந்து கூன்வண்டுக் கவலை தொடங்கும். அப்படியானால் ஊர்க்காரர்களின் அடிப்படை அளவை மருந்துப் பம்பு கீழே இறங்கியிருக்கும் ஒரு மாதத்தில் எடுத்து வைக்க வேண்டும், அடுத்ததை மாசி பங்குனியில். கிணற்று மாதிரியைக் கோடையில் ஒன்றும், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கிய முதல் வாரத்தில் ஒன்றும் எடுக்க வேண்டும். ஒப்பிடுவதற்குப் பூவாறு பக்கத்தில் விவசாயமே இல்லாத கடலோரத் தெருக்களை எடுத்தால் சாப்பாடும் வேலையும் வேறு. வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் கிராமம் ஒன்று பொருந்தலாம், அங்கே அடிக்கும் பூஞ்சைமருந்து வேறு வகை என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு. இவை எல்லாவற்றையும் செய்ய வெள்ளாயணியில் கருவி இருக்கிறது, திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பஞ்சாயத்துக்கு ஒரு கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகம் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் விளவங்கோடு வட்டாரத்தின் வேளாண் விரிவாக்க அலுவலர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் இருக்கிறார்கள். இரு பக்கத்தாரும் ஒரே படிவத்தில் ஒரே வாரத்தில் மாதிரி எடுத்தாலொழிய இந்த ஊர்களின் கணக்கு முழுமையாகாது. கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் அளந்தால், நஞ்சு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல இரண்டு அரசுகளுக்கும் இன்னொரு காரணம்தான் கிடைக்கும்.

எண் வந்த பிறகு அது யாரிடம் போக வேண்டும்? ரத்தம் கொடுத்தவரிடம். ஆய்வுக்கென்று வந்து ஊசி குத்திப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை என்று காசர்கோட்டில் மட்டுமல்ல, பல ஊர்களிலும் சொல்வார்கள். மாதிரி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் படிக்கும் மொழியில், பாறசாலையில் பலருக்கு மலையாளம், சிலருக்குத் தமிழ், ஒரு தாள் போக வேண்டும். அவருடைய அளவு இது, மருந்தடிக்காத மாதத்தில் இது இருந்தது, பக்கத்து ஊரின் சராசரி இது, கிணற்றில் இன்னது இருந்தது, குடிக்கலாம் அல்லது குடிக்க வேண்டாம், எண் இவ்வளவு இறங்கியிருப்பதால் இத்தனை வாரம் பம்பைத் தொடாதீர்கள், மறுபடி இந்தத் தேதியில் வாருங்கள். பம்பைத் தொடாத அந்த வாரங்களின் கூலியை யார் தருவார்கள் என்பதற்கும் அந்தத் தாளில் ஒரு வரி இருக்க வேண்டும்.